தீனிக்கல்

முதல் அடியிலேயே தெரிந்துவிடும், கல் அன்றைக்கு எவ்வளவு பசியாக இருக்கிறதென்று.

வள்ளிமயில் வாசல்படியிலிருந்து வலது காலைத் தெருவில் வைத்தாள். பாதம் இரண்டு விரற்கடை அமுங்கியது. ஈர மணல் மாதிரி ஒரு பிடி. காலைத் தூக்கும்போது யாரோ கீழேயிருந்து குதிகாலைப் பற்றிக்கொண்டு, விடலாமா கூடாதா என்று யோசித்துவிட்டு விடுவது மாதிரி ஓர் இழுப்பு. கணுக்காலில் கிடந்த வளையம் ஒரு தரம் பச்சையாக மினுக்கியது. தலைவர் வீட்டு ஆள் இறங்கிவிட்டது என்று கல்லுக்குத் தெரிந்துவிட்டது.

"ஓரமாப் போவாதே. நடுவுல மிதி" என்றார் மாமனார் நயினார், போர்ட்டிகோ நாற்காலியில் இருந்தபடியே. "நடுவுலதான் வெடிப்பு கெடக்கு."

ஓரத்தில் சாக்கடையை மூடிய பழைய சிமெண்டுப் பலகைகள் இருந்தன. அதில் கால் அமுங்காது. ஆனால் அதில் நடந்தால் கணக்கில் வராது.

"சரி மாமா" என்று அவள் நடுவுக்குப் போனாள்.

அவளுக்கு இது நான்காவது மாதம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒன்று ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. முந்தாநாள் டாக்டரம்மா அவளுடைய வீங்கிய கெண்டைக்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, எந்தத் தெரு என்று கேட்டார். தெற்குப் புதுத்தெரு என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நடக்கிறது நல்லதும்மா. சாதாரணத் தரையில தெனமும் நட. அந்தக் கல்லுல மட்டும் கால் வைக்காதே. உன் தெம்பை அது எடுத்துக்கிட்டா உள்ள இருக்கிறதுக்கு என்ன மிஞ்சும்? போன தடவை மாதிரி ஆயிரக் கூடாது பாரு."

வீட்டுக்கு வந்து சொன்னாள். மாமியார் தெய்வானை தன் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அவளால் மாடிப்படியே ஏற முடியாது. கணவன் உலகநாதன் ஓசூரில் வேலையாக இருந்தான். நயினார் தொண்டையைச் செருமினார். "ஞாயித்துக்கெழமை ஓட்டெடுப்பு. இந்த நேரத்துல தலைவர் வீட்டு ஆளே நின்னா ஊர்ல என்ன பேசுவான்? அது முடியட்டும், பாப்போம்."

ஓட்டு ஜெயித்தால் திட்டம் நிரந்தரமாகிவிடும். அதற்கப்புறம் பார்ப்பதற்கு என்ன இருக்கும் என்று அவள் கேட்கவில்லை.

கல் வருவதற்கு முன்னால் ஆவுடைபுரத்தில் தெரு என்று சொல்லிக்கொள்ள எதுவுமே இல்லாமல் போயிருந்தது. தார் பெயர்ந்து, நடைபாதை உடைந்து, மழைக்காலத்தில் ஆட்டோக்காரர்கள் முனையிலேயே இறக்கிவிட்டுப் போனார்கள். சாலை வரி என்று ஒன்றைப் போடப்போவதாக நகராட்சி சொன்னதும் கடையடைப்பு நடந்தது. அதற்குப் பிறகுதான் நிரஞ்சன் வந்தான். சென்னையிலிருந்து வந்த இளம் இன்ஜினீயர். சட்டைப் பையில் ஒரு துண்டுக் கல்லை வைத்துக்கொண்டு தெருச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றான்.

"ஒரு பைசா வரி கிடையாது" என்றான்.

"பைசா இல்லாம எவன்யா ரோடு போடுவான்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நீங்கதான் சார். நடந்து."

சிரிப்பு அடங்கும்வரை அவன் காத்திருந்தான். பிறகு கல்லைக் கைமாற்றிக் காட்டினான். "இதுக்கு அடியில ஒரு படலம் இருக்கு. உயிருள்ளது. நீங்க மிதிக்கும்போது அந்த விசையில கொஞ்சத்தை அது எடுத்துக்கும். அதை வெச்சு வெடிப்பைத் தானே ஒட்டிக்கும். மிதிக்க மிதிக்கப் புதுசாவே இருக்கும்."

"கொஞ்சம்னா எம்புட்டு?" என்று கேட்டவர் நயினார்தான். தெருவிலேயே பெரிய வீடு அவருடையது, இரும்புக் கடையும் இருந்தது. சங்கத் தலைவரும் அவரே.

"ஒரு நாளைக்கு ஒரு வாழைப்பழம் சாப்பிட்ட தெம்பு. அவ்வளவுதான் சார்."

வாழைப்பழம்தானே என்று எல்லாரும் கையைத் தூக்கினார்கள். பரீட்சார்த்தமாக ஆறு மாதம், இந்த ஒரு தெருவில். நன்றாக வந்தால் ஊர் முழுக்க. தெரு பளிங்கு மாதிரி ஆனது. பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பழம் ஒன்றுதான். ஆனால் முனைக்கடைக்குப் போய் வருவது மலையேறி இறங்குவது மாதிரி இருந்தது. தெருக்காரர்கள் உப்பு வாங்கக்கூட ஸ்கூட்டியை எடுத்தார்கள். சக்கரம் கல்லுக்கு ஆகாது. மனிதக் கால் ஏறி இறங்குகிற மிதிதான் அதற்கு வேண்டும். மிதி கிடைக்காமல் கல் வெளுத்து, சுட்ட அப்பளம் மாதிரி வெடித்தது. அப்போதுதான் தெருக்காரர்கள் அதற்குத் தீனிக்கல் என்று பெயர் வைத்தார்கள்.

நயினாருக்கு அந்த யோசனை வந்தது அப்போதுதான். "அந்தக் காலத்துல குளத்துக் கரை ஒடைஞ்சா வீட்டுக்கு ஒரு ஆள் மண்ணு சொமக்கலயா? குடிமராமத்து. அதே மாதிரி சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீட்டுக்கு ஒரு ஆள், ஒரு மணி நேரம் தெருவுல நடக்கணும். வராத வீட்டுக்கு மறுநாள் தண்ணி கெடையாது."

நிரஞ்சன் வீட்டுக்கொரு வளையம் கொடுத்தான். வெள்ளி நிறம், கொக்கி வைத்தது, கழற்றி மாட்டலாம். "வீட்டுல யார் வேணும்னாலும் போட்டுக்கலாம். கல்லுக்கு ஆளைத் தெரியாது. வளையத்தைத்தான் தெரியும்" என்றான்.

வீட்டுக்கு ஒரு ஆள் என்பதுதான் விதி. எந்த ஆள் என்று யாரும் எழுதவில்லை. எழுத வேண்டியிருக்கவும் இல்லை. முதல் நாள் அஞ்சு மணிக்கு ஒவ்வொரு கேட்டாகத் திறந்தபோது இறங்கி வந்தவர்கள் மருமகள்கள், கட்டிக்கொடுக்காத தங்கச்சிகள், பத்தாம் வகுப்பில் தவறிப் படிப்பை விட்ட பெண்கள், வீட்டோடு வந்துவிட்ட ஒரு விதவைச் சித்தி, மகன் வீட்டில் சாப்பிடுகிற ஒரு காது கேளாத பெரியவர். எந்த வீட்டிலும் கூடிப் பேசி முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. "சும்மாதானே இருக்கே" என்று வீட்டில் யாரைச் சொல்வார்களோ அவர்கள் கால்களில் வளையம் ஏறியிருந்தது.

சனிக்கிழமை காலையில் நிரஞ்சன் ஓட்டெடுப்பைப் பற்றிப் பேச வந்தான். வள்ளிமயில் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"ஒரு வளையம், ஒரு ஓட்டு சார். மேற்கு முனையில தண்ணித் தொட்டி இருக்குல்ல? அங்க தெரு ரெண்டாப் பிரியுது. வலப்பக்கம் நம்ம கல். இடப்பக்கம் கல் பத்தாம விட்ட பழைய தார். திட்டம் வேணும்னா கல் பக்கம் போகணும், வேண்டாம்னா தார்ப் பக்கம். ரெண்டு பக்கமும் கம்பம் நட்டு வெச்சிருக்கேன். அது வளையத்தைப் படிச்சுக்கும்."

"எந்த வீடு எந்தப் பக்கம்னு நமக்குத் தெரியும்லா?"

"தெரியும் சார். சங்கத்துப் பலகையில வீடு வாரியா வரும். வேணும்னா பச்சை, வேண்டாம்னா சிவப்பு."

"ம்." நயினார் காபியை ஆற்றினார். "எல்லா வீட்டுக்காரனும் நம்ம சொன்னாக் கேப்பான். அதுல ஒண்ணும் இல்ல. ஆனா அம்புட்டுத் தூரம் போவணுமோ?"

"குடும்பத் தலைவர் வந்தா நல்லது..."

"எதுக்குத் தம்பி? வளையம்தானே ஓட்டு? நடக்க ஆளுதான் இருக்கே. பெறவு நாங்க வேற எதுக்கு அந்தக் கல்லுல வந்து காலை விடணும்? நாங்க சங்கத்துல உக்காந்து பலகையைப் பாக்கோம்." அவர் நிமிர்ந்தார். "ஏம்மா, நாளைக்கு வலப்பக்கம் போவணும். வெளங்குச்சா? சோத்துக்கைப் பக்கம்."

"வெளங்குச்சு மாமா."

வெறும் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போன பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. சங்கம் கிழக்கு முனையில் இருந்தது. தொட்டி மேற்கு முனையில். அந்தத் தெருவின் எதிர்காலம் அத்தனையும் பெண்களின் கணுக்காலில் கிடக்கிறது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. ஆனால் பலகை இருந்தது. பலகையில் வீடு வீடாக நிறம் வரும்.

அன்று சாயங்காலம் மூன்றாவது சுற்றில் அடிவயிற்றில் ஒரு வலி இழுத்தது. வள்ளிமயில் அப்படியே நின்றாள். நின்றால் கல் இன்னும் இறுக்கும். காலை எடுக்க முடியாமல் தடுமாறியவளைப் பின்னால் வந்த ஜெபமணி இடுப்போடு பிடித்துக்கொண்டாள்.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்லக்கா. லேசா இழுத்துச்சு."

ஜெபமணிக்கு முப்பத்தாறு வயசு. அண்ணன் வீட்டில் இருந்தாள். அங்கே சமையல், துவையல், பிள்ளைகளுக்குத் தலைவாருவது எல்லாம் அவள் பாடு. அவள் வள்ளிமயிலைத் தாங்கி நடத்திக்கொண்டுபோய்த் தொட்டிக் குழாயடியில் உட்காரவைத்தாள்.

அந்தக் குழாயடிதான் நடைக்காரர்களின் இடம். சுற்றுக்குச் சுற்று அங்கே வந்து, உரசுகிற வளையத்தைக் கழற்றித் திட்டில் குவித்துவிட்டு, வீங்கிய பாதத்தைத் தண்ணீரில் நனைப்பார்கள். முழங்காலுக்குக் கீழே எல்லாருக்கும் ஒரே மாதிரி நரம்பு புடைத்திருந்தது.

"கல்லுக்குப் பசிச்சா நம்ம காலைத் திங்குது. எங்க வீட்டு ஆளுக்குப் பசிச்சா என் தலையைத் திங்குது. நான் எதுக்குத்தான் மிஞ்சப்போறேனோ" என்று சொல்லியபடி பீர்மா காலை நீட்டினாள். ஐம்பதைத் தாண்டியவள், மருமகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் போவதால் அவள் வீட்டில் மட்டும் மாமியார் நடந்தாள். வள்ளிமயிலின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "ஏ பிள்ளே, ரத்தம் எதுவும் படலயே?"

"இல்ல சாச்சி."

"நாளைக்கு ஓட்டு ஜெயிச்சிட்டா இவ பிள்ளை பெறுத அன்னைக்கும்லா நடக்கணும்" என்றாள் பீர்மா, யாரையும் பார்க்காமல்.

ஜெபமணி குனிந்து திட்டிலிருந்து வள்ளிமயிலின் வளையத்தை எடுத்தாள். தன் காலில் தன்னுடையதுக்கு மேலே மாட்டிக்கொண்டாள். "நீ இங்கன இரு. உனக்கும் சேத்து நான் சுத்திட்டு வாரேன்."

"தெரிஞ்சா?"

"கல்லுக்கு ஆளைத் தெரியாதுன்னு அந்தப் பையன்தானே சொன்னான்?"

அவள் கல் பக்கம் இறங்கி நடந்தாள். இரண்டு வளையமும் மாறி மாறி மினுக்கின. வள்ளிமயில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பீர்மாவும் பார்த்தாள். குழாயடியில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி திட்டில் குவிந்துகிடந்த வளையங்களைப் பார்த்தாள்.

"எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு" என்றாள் அவள் மெதுவாக.

பீர்மா குவியலில் கையை விட்டு ஒரு தரம் கலக்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சங்கத்து வாசலில் ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டீ வந்தது, வடை வந்தது. நடைக்காரர்கள் அவர்களைக் கடந்து மேற்கே போனார்கள். "வலப்பக்கம், வலப்பக்கம்" என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் தத்தம் ஆளுக்கு ஒரு தரம் ஞாபகப்படுத்தினார். நயினார் சோத்துக்கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

தொட்டிக்கு அடியில் தூண்களைச் சுற்றிச் சுவர் இருந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் நடப்பது சங்கத்திலிருந்து தெரியாது.

எப்போதும்போலக் குழாயடியில் நின்றார்கள். எப்போதும்போல வளையங்களைக் கழற்றித் திட்டில் போட்டார்கள். கால் நனைத்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகக் குவியலில் கையை விட்டு, பார்க்காமலே ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். காது கேளாத பெரியவர் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். அவரும் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

பிரிகிற இடம் வந்தது. வலப்பக்கம் கல் பளபளத்தது. இடப்பக்கம் பழைய தார், பள்ளத்தில் தேங்கிய தண்ணீர், ஆட்டுப் புழுக்கை. அவள் இடப்பக்கம் திரும்பினாள். கால் தரையில் பட்டது. தரை அவளைப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான், அந்த ஒரு அடியிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தபோது ஜெபமணி தெரிந்தாள். அவள் வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தாள். தலையைக் குனிந்து, கல்லை நன்றாக மிதித்து.

பலகை பாதிக்கு மேல் சிவப்பாக இருந்தது.

சங்கத்து வாசலில் டீ தம்ளர்கள் அப்படியப்படியே நின்றன. நயினார் எழுந்து பலகைக்கு அருகில் போய்த் தன் பெயரைத் தேடினார். அதுவும் சிவப்பு.

"நீ எந்தப் பக்கம் போன?" குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வள்ளிமயில் தன் கணுக்காலைப் பார்த்தாள். "வளையம்... மாறிப்போச்சு மாமா. கால் கழுவும்போது."

"எங்க வீடும் செவப்புல்லா காட்டுது! ஏட்டி, உன் வளையத்த எவ எடுத்தா?" என்று இன்னொருவர் தன் தங்கச்சியிடம் கத்தினார்.

"தெரியலண்ணே. மாறிப்போச்சு."

"உன்னுது?"

"மாறிப்போச்சு."

"எல்லாம் ஒண்ணு போலச் செஞ்சு குடுத்தா மாறாம என்ன செய்யும் மொதலாளி?" என்று பீர்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு சொன்னாள். "தொழுகைக்குப் போனா செருப்பே மாறிப்போவுது. அதுல பேரா எழுதியிருக்கு?"

நயினார் நிரஞ்சனைப் பார்த்தார். நிரஞ்சன் கழுத்தைச் சொறிந்தான். "விதிப்படி அந்தந்த வீட்டு வளையம் அந்தந்த வீட்டு ஆள் கால்ல இருக்கணும் சார். மாறிட்டா ஓட்டு செல்லாது."

செல்லாது. வள்ளிமயிலுக்கு அந்த ஒரு சொல்தான் கேட்டது.

"செல்லாதுன்னா?" என்று நயினார் கேட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி. இந்தத் தடவை குடும்பத் தலைவர் மட்டும், அவங்கவங்க கால்ல மாட்டிக்கிட்டு. அதுதான் கடைசி."

"அப்படிச் சொல்லு" என்றார் நயினார். முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "நாங்களே நடக்கோம். ஒரே தடவைதானே? எல்லாம் பச்சையா வருதா இல்லயான்னு பாரு."

அன்று சாயங்காலமும் நடை உண்டு. ஜெபமணி வந்து, குழாயடியில் குனிந்து, வள்ளிமயிலின் காலில் கொக்கியைக் கழற்றினாள். வள்ளிமயில் காலை இழுத்துக்கொண்டாள்.

"வலப்பக்கம் போனீயளே அக்கா. நான் பாத்தேன்."

"பாத்தா பாரு."

"என்னை இடுப்போட தாங்கிப் பிடிச்சது நீங்கதானே? பெறவு எப்படி..."

ஜெபமணி திட்டில் உட்கார்ந்தாள். வளையத்தை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். "எங்க அண்ணன் வீட்டுல நான் கேட்டைத் தாண்டுறது இந்த ஒரு மணி நேரந்தாம் பிள்ளே. மார்க்கெட்டுக்கு மைனி போயிருவா. கோயிலுக்கு எல்லாரும் கார்ல போவாவ. வீட்டுக்கு ஆள் வேணும்லா, என்னைய விட்டுட்டுப் போவாவ. இந்தக் கல்லு வந்த பெறவுதான் நீ யாரு, பீர்மா சாச்சி யாருன்னே எனக்குத் தெரியும். கால் வலிக்கத்தான் செய்யுது. வலிச்சாலும் வெளியில வலிக்கு."

வள்ளிமயில் தன் வயிற்றைப் பார்த்தாள். "அப்போ எனக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"உனக்கும் சேத்துத்தான் நான் நடக்கேனே. பிள்ளை பெறுத வரைக்கும் நடக்கேன்."

"உங்களால முடியுமா?"

ஜெபமணி எழுந்து நடந்தாள். இரண்டு வளையம் போட்டால் கல் இரண்டு மடங்கு பிடிக்காது. ஆனால் ஒரு மிதி ஒரு வளையத்துக்குத்தான் கணக்கு என்பதால் இரண்டு பேருடைய சுற்றையும் அவள் ஒருத்தியே சுற்ற வேண்டும். ஒரு மணி நேரத்தில் அது முடியாதென்பதால் அவள் ஏறக்குறைய ஓடினாள். புதன்கிழமை அவள் உதடு வெளுத்திருந்தது. வெள்ளிக்கிழமை திட்டைப் பிடிக்காமல் அவளால் குனிய முடியவில்லை. வள்ளிமயில் தொட்டிச் சுவரின் மறைவில் உட்கார்ந்து, மாமனார் இந்தப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று பார்த்துக்கொண்டும், ஜெபமணி விழுந்துவிடக் கூடாதே என்று பார்த்துக்கொண்டும் இருந்தாள். ஞாயிறன்று எல்லாம் பச்சையாக வந்துவிட்டால் இரண்டில் ஒன்று நடந்தே தீரும்.

ஞாயிறு வந்தது.

நயினார் சலவை வேட்டியை மடித்துக் கட்டி, காலில் வளையத்தை மாட்டி, மீசையைத் தடவிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். முதல் அடியிலேயே பாதம் கணுக்கால்வரை அமுங்கியது.

"என்ன தம்பி இது?"

"வெயிட்டுக்குத் தகுந்த மாதிரி எடுத்துக்கும் சார். நீங்க கொஞ்சம்..." என்று நிரஞ்சன் நிறுத்திக்கொண்டான்.

பெண்கள் கேட்டுக்குக் கேட் நின்று பார்த்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. மூன்றாவது வீட்டைத் தாண்டும்போது நயினாரின் முதுகுச் சட்டை ஒட்டிக்கொண்டது. ஆறாவது வீட்டில் ஒருவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"நிக்காதிய மொதலாளி, நின்னா இன்னும் பிடிக்கும்" என்று பீர்மா மரியாதையாகச் சொன்னாள். "கைப்பிள்ளை மாதிரி. நடந்துட்டா விட்ரும்."

"தெனமுமா இப்படி இழுக்கு?" என்றார் கேட்டைப் பிடித்தவர்.

"இன்னைக்குக் கொறவுதான்."

நயினார் திரும்பிப் பார்க்கவில்லை. ஓரத்துச் சிமெண்டுப் பலகையை ஒரு தரம் பார்த்தார். நிரஞ்சன் கூடவே வந்துகொண்டிருந்தான். தொட்டியை நெருங்கும்போது அவர் மூச்சு வாள் அறுக்கிற மாதிரி கேட்டது. பின்னால் வந்தவர்கள் அவருக்கு இரண்டடி தள்ளி நின்றார்கள். அவர் எந்தப் பக்கம் போகிறாரோ அந்தப் பக்கம் போவதற்காக.

குழாயடியில் வள்ளிமயில் நின்றாள். ஒரு கையில் செம்பு நிறையத் தண்ணீர். இன்னொரு கை வயிற்றின் மேல் இருந்தது. அவள் வேண்டுமென்று வைக்கவில்லை, அங்கேதான் எப்போதும் போய்விடும்.

நயினார் செம்பை வாங்கிக் குடித்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவருடைய கண்ணுக்கு நேரே அவளுடைய கால்கள் இருந்தன: புடைத்த நரம்பு, வளையம் உரசிக் கறுத்த தழும்பு. இத்தனை மாதமாக அந்தக் கால்கள் அவர் வீட்டுக்குள்தான் நடமாடிக்கொண்டிருந்தன.

அவர் செம்பைத் திருப்பி நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

நிமிர்ந்தார். வலப்பக்கம் பார்த்தார், கல் ஈரமாகப் பளபளத்து அவருக்காகக் காத்திருந்தது. வலது காலைத் தூக்கினார். அது கல்லிலிருந்து பிய்ந்துகொண்டு வந்து, கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. வலப்பக்கமாகத்தான் கொண்டுபோனார். இறங்கியது இடப்பக்கம்.

தாரில் கால் பட்டதும், இல்லாத படியில் கால் வைத்தவர்போல அவர் முன்னால் தள்ளாடி நாலடி ஓடிப்போனார். பள்ளத்துத் தண்ணீர் வேட்டியில் தெறித்தது. ஐயோ என்று அவர் வாயிலிருந்து வந்தது வலியில் வந்த சத்தமில்லை.

மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனார்கள்.

பலகையில் ஒரே ஒரு பச்சை இருந்தது. தோளில் பேரனைத் தூக்கிக்கொண்டு போன ஒருவர் ஆட்டுப் புழுக்கைக்கு அருவருத்து அந்தப் பக்கம் போய்விட்டாராம்.

நிரஞ்சன் பலகையையே வெகுநேரம் பார்த்தான். "மிதிக்கலைன்னா ரெண்டு மாசத்துல செத்துரும் சார்" என்றான், வளர்த்த ஆட்டைப் பற்றிச் சொல்கிறவன் மாதிரி. "நகராட்சிக்காரங்க மறுபடியும் பண வரியோடதான் வருவாங்க." பிறகு தயங்கிக் கேட்டான்: "உங்க வீடும் வேண்டாம்னு காட்டுதே சார். நீங்கதானே..."

"மாறிப்போச்சு" என்றார் நயினார்.

"எது சார்?"

"மாறிப்போச்சுன்னு சொல்லுதம்லா! பெறவு என்ன?"

வளையம் அவர் காலில்தான் கிடந்தது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் நிரஞ்சன் சாக்கோடு வந்து வளையங்களை வாங்கிக்கொண்டு போனான். கடைசியாகக் கொடுத்தவள் ஜெபமணி. கொடுத்துவிட்டுக் கேட்டைச் சாத்தினாள். அண்ணன் வீட்டுக் கேட் உயரமானது. சாத்தினால் உள்ளே இருப்பவரின் தலை தெரியாது.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு வள்ளிமயில் செருப்பைப் போட்டுக்கொண்டு போய் அந்தக் கேட்டைத் தட்டினாள். திறந்தது அண்ணன் பெண்டாட்டி, மைனிக்காரி.

"டாக்டரம்மா தெனமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லிருக்காவ மதினி. சாதாரணத் தரையில. தனியா அனுப்ப எங்க வீட்டுல பயப்படுதாவ. ஜெபமணியக்காவைக் கூட்டிட்டுப் போன்னு மாமா சொன்னாவ."

மாமா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தலைவர் வீட்டுச் சொல்லை யார் போய்க் கேட்டுச் சரிபார்க்கப்போகிறார்கள்? மைனிக்காரி உள்ளே திரும்பி, "ஏ ஜெபமணி, ஒன்னைத்தான்" என்றாள், வாய் கோணிக்கொண்டு.

ஜெபமணி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். தெருவில் இறங்கிப் பத்தடி நடந்தாள். பிறகு, "உங்க மாமாவா சொன்னாவ?" என்றாள்.

"ஆமா."

"பொய்யி."

"ஆமா."

இருவரும் தலைவர் வீட்டைத் தாண்ட வேண்டியிருந்தது. நயினார் போர்ட்டிகோவில் இருந்தார். முன்னால் ஒரு அலுமினியச் சட்டியில் உப்புப்போட்ட வெந்நீர். அதில் இரண்டு காலும். தெய்வானை இன்னொரு செம்பு வெந்நீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்க போறீய?" என்றார் அவர். "அதான் எல்லாம் முடிஞ்சிட்டுதே."

"சும்மா நடந்துட்டு வாரோம் மாமா."

அவர் வாயைத் திறந்தார். சட்டிக்குள் கிடந்த கால்களைப் பார்த்தார். தெருவில், நடுவில், கல் ஒரு நாள் பட்டினியிலேயே வெளுக்கத் தொடங்கியிருந்தது.

"நடுவுல மிதிக்காதிய" என்றார். "ஓரமாப் போங்க."